படத்துக்குக் கீழே இரண்டு வரி

மார்க்கண்டு அண்ணையை வெட்ட வந்தவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வரவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காமல் இருப்பது அதனால்தான். சனிக்கிழமை காலை, கோப்பாயில் சனம் தோட்டத்துக்கும் சந்தைக்குமாகச் சைக்கிளில் போய்வருகிற நேரம். இரண்டு மோட்டார் சைக்கிள்களில் நான்கு பெடியள் வந்து, அவருடைய கடை வாசலில் எஞ்சினை நிறுத்தாமலே வாளோடு இறங்கினார்கள். பட்டப்பகலில் வெட்டினாலும் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

அண்ணை வெங்காயம் நிறுத்துக்கொண்டு நின்றார். முதல் வெட்டு தோளில் விழுந்தது. அவர் படிக்கல்லைத் தூக்கி எறிந்தார். அது ஒருத்தனின் நெற்றியை உடைத்தது. நன்றாகவே உடைத்தது, நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நான்கு பேரும் விழுந்த மனிதனைச் சுற்றி நின்று விறகு கொத்துகிற மாதிரிக் கொத்தினார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும், "படம் குடுப்பியோ? இனிப் படம் குடுப்பியோ?" என்று கேட்டார்கள்.

அவர் செய்த குற்றம் அதுதான். போன மாதம் இதே கூட்டம் ஒரு பெடியனை அடித்துக் கையை முறித்தபோது, கடைக் கமராவில் விழுந்ததைப் பொலிஸுக்குக் கொடுத்தார். அதற்குத்தான் இது.

எங்கள் வீடு கடைக்கு நேர் எதிரே. நான் கேற்றைத் திறந்துகொண்டு ஓடப் போனேன். அம்மா பின்னாலிருந்து சட்டையோடு பிடித்து இழுத்தா.

"போனியெண்டால் உன்னையும் கொத்துவாங்கள்! உள்ளுக்கை வாடி!"

நான் அம்மாவின் கையைக் கடித்தேன். கடித்தும் அவ விடவில்லை. என் தங்கச்சி தனுசியா அந்த நேரம் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். அவள் கத்தவில்லை, ஓடவில்லை. போனை எடுத்துப் படம் எடுத்தாள். காலை வெயிலில் நான்கு முகமும் தெளிவாக விழுந்திருந்தன.

அந்தப் படத்தை அவள் போட்டது "ஒழுங்கை"யில். அது என்ன என்று இனிச் சொல்லவேண்டும். அது நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்துகிற ஒரு சமூக வலைத்தளம். பெரிய கொம்பனி ஒன்றும் பின்னால் இல்லை. ஒரு சிறிய சேர்வர், அதில் எங்கள் பக்கத்து ஆட்கள் சில நூறு பேர். இப்படி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னச் சேர்வர்கள் இருக்கின்றன. ஒன்றில் எழுதினால் மற்றவற்றிலும் வாசிக்கலாம், ஆனால் யாருக்கும் யாரும் முதலாளி இல்லை. எந்தச் செயலியில் பார்ப்பது என்பதும் அவரவர் விருப்பம். ஒரு செயலி படத்தைப் பெரிதாகக் காட்டும், இன்னொன்று எழுத்தை மட்டும் காட்டும், வேறொன்று எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும். ஒழுங்கையின் நிர்வாகி நான். இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நீ எப்படி நிர்வாகி ஆனாய் என்று ஆட்கள் பகிடி பண்ணுவார்கள். கெட்ட குணம் உள்ளவள்தான் அந்த வேலைக்குச் சரி, நல்லவளை ஒரு கிழமையில் தின்றுவிடுவார்கள்.

ஒழுங்கையில் ஒரு சட்டம் உண்டு. படம் போடுகிறவர் அதில் என்ன இருக்கிறது என்று விவரம் எழுதவேண்டும். அந்தச் சட்டத்துக்குக் காரணம் கோபிசங்கர். மானிப்பாய்க்காரன். போரின் கடைசிச் சண்டையில், சிறு பெடியனாக இருக்கும்போது, ஷெல் துண்டு பட்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. அவனுடைய போன் எங்கள் எழுத்தை வாசித்துச் சொல்லும். வாய்க்கொழுப்பு உள்ளவன், ஆனால் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

"'வடிவான படம்' எண்டு எழுதிறியள். எனக்கென்ன வடிவு? முதல் நீர் எங்கை நிண்டு பாக்கிறீர் எண்டு சொல்லும். ஆரின்ரை கடைக்கு முன்னாலை, எந்த மரத்துக்குப் பக்கத்திலை. அது தெரிஞ்சால்தான் மிச்சத்தை நான் பாப்பன்."

எங்கள் ஊரில் வழி சொல்வதும் இப்படித்தான். வீட்டு இலக்கம் தபால்காரருக்கே தெரியாது. இன்னாருடைய கடை, அதற்கு எதிர்ப்பக்கம், கிணற்றடியால் திரும்பு என்றால்தான் ஆள் வந்து சேரும். அதனால் கோபி கேட்டது எங்களுக்கு இலகுவாக வந்துவிட்டது. ஒழுங்கையில் எந்தப் படத்தின் விவரமும் நிற்கும் இடத்தில்தான் தொடங்கும்.

தனுசியா விசரி இல்லை, யோசித்துத்தான் செய்தாள். படம் போடுவதற்கென்று பொய்ப் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கினாள். படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடக் குறிப்பை நீக்கினாள். இரத்தம் இருக்கிறது என்று எச்சரிக்கை போட்டு மூடினாள். "இவங்களைத் தெரிஞ்சவை சொல்லுங்கோ" என்று மட்டும் மேலே எழுதினாள். பிறகு, கை பழகின பழக்கத்தில், கோபிக்காக விவரத்தையும் எழுதினாள்: "மார்க்கண்டு அண்ணையின்ரை கடைக்கு எதிரை, மாடி வீட்டிலை, தண்ணித் தாங்கிக்குப் பக்கத்திலை நிண்டு பாக்கிறன். கீழை நாலு பேர் வாளோடை நிக்கினம், அண்ணை நிலத்திலை கிடக்கிறார்."

அவள் பாவித்த செயலியில் அந்த விவரம் கண்ணுக்குத் தெரியாது. படத்தை அழுத்திப் பிடித்தால்தான் வரும். அதனால் அது காதுக்கு மட்டும் போகிற விஷயம் என்று அவள் மனதில் பதிந்திருந்தது.

மத்தியானம் கோபி எனக்குப் போன் எடுத்தான்.

"உதயா, உமக்கு விளங்குதோ? உவள் தங்கச்சி எங்கை நிண்டு எடுத்தவள் எண்டு எழுதிப்போட்டாள். அந்த இடத்திலை மாடி வீடு உங்கடை ஒண்டுதானே."

"ஐயோ, கோபி. அது வாசிக்கிற ஆக்களுக்குத்தானே கேக்கும்..."

"என்ரை செயலி வாசிக்கும். வேறை செயலி படத்துக்குக் கீழை பெரிசா எழுதிக் காட்டும். அதைக் கெதியா அழியும்!"

நான் உடனே அழித்தேன். ஒழுங்கையில் ஒன்றை அழித்தால், எங்கள் சேர்வர் மற்றச் சேர்வர்களுக்கெல்லாம் அழிக்கச் சொல்லிச் செய்தி அனுப்பும். பெரும்பாலானவை சொன்னபடி கேட்கும். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஒஸ்லோவில் இல்லை. சென்னையில் இல்லை. ரொறொன்ரோவில் ஒருத்தி பகிர்ந்திருந்தாள், அங்கேயும் போய்விட்டது. ஆனால் அவள் வழியாக ஓர் இடத்துக்கு அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. "சந்தி".

சந்தி, பாரிஸில் இருந்துகொண்டு லெனாட் நடத்துகிற சேர்வர். லெனாட் குருநகர்ப் பெடியன், கம்பஸில் என்னோடு படித்தவன். அவனுடைய சேர்வரில் சில பேர் வாளோடு நின்று படம் போட்டு வீரம் காட்டினார்கள். எடுத்துவிடு என்று சொன்னேன். அது அவரவர் சுதந்திரம் என்றான். நான் சந்தியையே முழுதாகத் தடுத்துவிட்டேன். அங்கிருந்து எதுவும் இங்கே வராது, இங்கிருந்து எதுவும் அங்கே போகாது. இன்றைக்குக் கேட்டாலும் அது சரியென்றுதான் சொல்வேன்.

ஆனால் எதுவும் போகாது என்றால், அழிக்கச் சொல்கிற செய்தியும் போகாது. எங்கள் ஊரில் கதைபேச்சு இல்லாத வீட்டுக்குச் செத்தவீட்டுச் செய்தியைக்கூட மூன்றாம் ஆள்தான் கொண்டுபோகவேண்டும். அதே மாதிரித்தான். மூன்றாம் ஆள் மூலம் படம் போய்விட்டது, அதைத் திருப்பி எடுக்க எனக்கு வழியில்லை. போதாக்குறைக்கு லெனாட் சந்திக்கென்று தெரிந்தெடுத்து வைத்திருந்தது, பத்திரிகையில் போடுகிற மாதிரிப் படத்துக்குக் கீழே விவரத்தை அச்சடித்துக் காட்டுகிற செயலி. எங்கள் வீட்டு வழி, தடித்த எழுத்தில், இரண்டு வரியில் கிடந்தது.

லெனாட்டுக்குப் போன் எடுத்தேன்.

"ஆர், உதயகலாவோ? என்ரை நம்பர் இன்னும் வைச்சிருக்கிறியோ?"

"உன்ரை சந்தியிலை ஒரு படம் கிடக்கு. உடனை தூக்கு."

"நீதானே எங்களைத் தடுத்தனி. எங்கடை ஆக்கள் முழுப்பேரும் வாள்வெட்டுக்காரர் எண்டு எழுதினனி. இப்ப என்னத்துக்கு வாறாய்?"

"லெனாட், அது என்ரை தங்கச்சி எடுத்த படம். கீழை எங்கடை வீடு எழுதிக் கிடக்கு."

அவன் கெட்டவன் இல்லை. ரோசக்காரன், என்னைப் போல.

"தூக்கிறன். முதல் நீ ஒழுங்கையிலை எல்லாருக்கும் தெரிய மன்னிப்புக் கேள்."

இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் ஏசிவிட்டுப் போனை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் தனுசியா சுவரோடு ஒட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். என் ரோசத்தை வைத்து என்ன சமையலா செய்வது? மன்னிப்புக் கேட்டு எழுதினேன். லெனாட்டிடம் பெயர் சொல்லி, சந்தி ஆட்களிடம் மொத்தமாக, பல்லைக் கடித்துக்கொண்டு. நான் எழுதி முடிப்பதற்கு முன்பே அவன் படத்தைத் தூக்கிவிட்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

அதற்கிடையில் யாரோ அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து வட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். பின்னேரம் அது எங்கள் மாமியின் போனுக்கே வந்தது. படமும், கீழே இரண்டு வரியும்.

தனுசியாவை அன்றே மானிப்பாயில் மாமி வீட்டுக்கு ஏற்றினேன். போகமாட்டேன் என்று நின்றாள். தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முச்சக்கரவண்டியில் தள்ளினேன். அம்மாவை அசைக்க முடியவில்லை. "மாடு கண்டுக்குட்டி போட்டிருக்கு, ஆர் பாக்கிறது?" என்றா. பொலிஸுக்குச் சொன்னோம். ஒரு ஜீப் வந்து, எங்கள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிபோல அவர்கள் வந்தார்கள். முதலில் மோட்டார் சைக்கிள் சத்தம், பிறகு கேற்றில் வாள் விழுகிற சத்தம். கேற்றைத் திறக்கத் தெரியாதவர்கள் மாதிரிக் கொத்தினார்கள். உள்ளே வந்ததும் கண்ணாடி யன்னல்களை ஒன்று விடாமல் உடைத்தார்கள். என் ஸ்கூட்டியில் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். பக்கத்து வீடுகளில் கதவுகள் சாத்தப்படுவது கேட்டது. ரேடியோவின் சத்தத்தைக்கூடக் குறைத்தார்கள்.

நான் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றேன். முதலாவதாக வந்தவன் மெலிந்த பெடியன், மீசைகூடச் சரியாக வரவில்லை. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அவனுடைய தோள்மூட்டில் இறக்கினேன். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நிம்மதிதான், பாவம் என்று ஒன்றும் தோன்றவில்லை. அவன் "அம்மா" என்று கத்தி விழுந்தான். இன்னொரு தரம் ஓங்குவதற்குள், பின்னால் என் அம்மாவின் குரல் கேட்டது.

நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தவன் அம்மாவின் கழுத்தில் வாளை வைத்துக்கொண்டு நின்றான். அவன்தான் படிக்கல்லால் அடி வாங்கியவன். வாள் தொட்ட இடத்தில் ஏற்கெனவே இரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"மண்வெட்டியைப் போடு. படம் எடுத்தவள் எங்கை?"

"நான்தான்."

"இந்த வீட்டிலை ரெண்டு பேரெல்லோ. மற்றவள் எங்கை?"

"அவள் இந்தக் கதைக்கே சம்பந்தமில்லாதவள். நான்தான் எடுத்தனான். அங்கை மேலை தண்ணித் தாங்கியடியிலை நிண்டு, உன்ரை மூஞ்சையை வடிவா எடுத்தனான்."

அம்மா என்னைப் பார்த்தா. அவவுக்கு எல்லாம் தெரியும். இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியைத் தெரிவு செய்யச் சொன்னால் எந்தத் தாய் வாய் திறப்பாள்?

அவன் என் போனை வாங்கி வாளின் பிடியால் குத்தி உடைத்தான். "எந்தக் கையாலை எடுத்தனி?" என்று கேட்டான். மெல்லமாக, கடைக்காரன் எத்தனை கிலோ என்று கேட்கிற மாதிரி. எனக்கு வந்த விசர்க் கோபத்தில் பயமே வரவில்லை.

"ரெண்டு கையாலையுந்தான்ரா, நாயே."

வாள் என் கழுத்துக்குத்தான் வந்தது என்று நினைக்கிறேன். வலது கையை நீட்டித் தடுத்தேன். முதலில் வலியில்லை, சூடு மட்டும். பிறகு பார்த்தால் பெருவிரலைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டாவது வெட்டு முன்னங்கையில் எலும்பு வரை இறங்கியது. நான் விழுந்தேன். மூன்றாவதுக்கு ஓங்கியபோது அம்மா என் மேல் வந்து படுத்தா. தோள் உடைந்தவன் கேற்றடியில் நின்று, "வாங்கோடா, போவம், வலிக்குது" என்று அழுதான். அவனுடைய அழுகைதான் எங்களைக் காப்பாற்றியது. அவர்கள் போன பிறகுதான் அயல் சனம் வந்தது. வந்து, "ஐயோ பிள்ளை" என்றார்கள். அந்த நிலையிலும் அவர்களைக் காறித் துப்பவேண்டும் போல இருந்தது.

அம்மா என் விரல்களைச் சாணிக்குள்ளிருந்து பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு முச்சக்கரவண்டியில் ஏறினா. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அந்த முடிச்சை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தா. டொக்டர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பொருத்த முடியாது என்றார்.

அதே ஆஸ்பத்திரியில், கீழ்த்தட்டில், சனிக்கிழமையிலிருந்து கிடந்த மார்க்கண்டு அண்ணை செவ்வாய்க்கிழமை செத்துப்போனார்.

கோபி அம்மாவின் போனுக்கு எடுத்து, "நான்தான் அப்பிடி எழுதச் சொன்னனான்" என்று விம்மினான். "வாயைப் பொத்தும். வெட்டினவன் அங்கை வீட்டிலை நித்திரை கொள்ளுறான், நீர் ஏன் அழுறீர்?" என்று ஏசி வைத்தேன்.

புதன்கிழமை பொலிஸ் சார்ஜன்ட் வந்தார். தமிழ் ஆள், களைத்த முகம். இது இப்போது கொலை வழக்கு என்றார். நான்கு பேரையும் பிடித்துவிட்டார்கள், ஆனால் படத்தை எடுத்தவர் நீதிமன்றத்தில் ஏறி, நான்தான் எடுத்தேன், இன்ன இடத்தில் நின்று எடுத்தேன் என்று சாட்சி சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பிணையில் வந்துவிடுவார்கள். சாட்சி சொல்கிற ஆளின் பெயர் அவர்களுக்கும் தெரியவரும், அதை மறைக்க முடியாது என்றும் சொன்னார். ஒளிக்காமல் சொன்னதற்காக அவரை எனக்குப் பிடித்தது.

என்னைப் பார்க்க மாமி வீட்டிலிருந்து வந்திருந்த தனுசியா கட்டிலின் மற்றப் பக்கம் நின்றாள். முன்னுக்கு வந்தாள்.

"சேர், நான்தான் எடுத்தனான். அக்கா இல்லை. படம் என்ரை போனிலை இருக்கு."

நான் இடது கையால் அவளுடைய கன்னத்தில் அறைந்தேன். பழக்கமில்லாத கை, மூக்கிலும் பட்டு இரத்தம் வந்தது. தாதி ஓடி வந்தா.

"பொய், சேர். அந்தப் போன் என்ரை. அவங்கள் உடைச்சது என்ரை புதுப் போன். இது பழசு, சனிக்கிழமை பின்னேரந்தான் இவளுக்குக் குடுத்தனான். படம் எடுக்கேக்கை என்ரை கையிலை இருந்தது."

"அக்கா, வேண்டாம்! சேர், அந்தக் கணக்கும் என்ரைதான். நான்தான் பொய்ப் பேரிலை துடங்கினனான்."

சார்ஜன்ட் பேனையை நிறுத்தினார். "கணக்கு ஆரின்ரை எண்டு அந்தக் கொம்பனியிட்டைக் கேட்டு எடுக்கலாம்தானே?"

"கொம்பனி ஒண்டும் இல்லை, சேர்," என்றேன். "அந்தச் சேர்வரை நடத்துறது நான்தான். எந்தக் கணக்கு ஆரின்ரை எண்டு சொல்லக்கூடிய ஆள் உலகத்திலை நான் ஒரு ஆள்தான். அது என்ரை கணக்கு. கடிதம் வேணுமெண்டால் நிர்வாகி எண்டு கையெழுத்து வைச்சுத் தாறன்."

அவர் தனுசியாவைப் பார்த்தார். மூக்கில் இரத்தம் வழிய, முழுசாக நின்றாள், பத்து விரலோடும். பிறகு கட்டுப் போட்ட என் கையைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"தங்கச்சி அக்காவைக் காப்பாத்தப் பாக்கிறா. நல்ல பிள்ளை," என்று சொல்லிவிட்டு என் பெயரை எழுதினார்.

தனுசியா நிலத்தில் விழுந்து தலையில் அடித்து அழுதாள். இல்லை சேர், இல்லை சேர் என்று அவருடைய சப்பாத்தைப் பிடித்தாள். அவர் அவளை மெதுவாக விலக்கி, என் இடது பெருவிரலில் மை பூசி, வாக்குமூலத்தில் அழுத்தினார். கையை விடும்போது என்னைப் பார்த்து, கவனம் தங்கச்சி, என்றார்.

அவர் போன பிறகு தனுசியா என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சாகும்வரை உன்னை மன்னிக்கமாட்டேன் என்றாள்.

"மன்னிக்காதை," என்றேன். "நீ உயிரோடை இரு."